ஆறிய காபி

“முக்காட்டை ஒழுங்காப் போடு. கேக்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு,” என்று நுஹா சீறினாள்.

லுஜைனுக்கு அக்காவைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. சிரியாவின் அலெப்போவிலிருந்து ஸ்வீடனின் மால்மோ வரை கையை விடாமல் கூட்டி வந்தவள், பதினெட்டு வயது முடிந்ததும் தன்னை யார் தலையிலோ கட்டிவிடத் துடிக்கிறாள்.

மகன் கைஸுக்குப் பெண் கேட்டு வந்த உம்மு கைஸ், சோபாவை நிறைத்து உட்கார்ந்திருந்தாள். மகனை மட்டும் அழைத்து வரவில்லை. அவனைக் கண்டால் காரியம் கெட்டுவிடும் என்று பெற்றவளுக்கே தெரியும் போல.

லுஜைன் வைத்த காபியை அவள் ஓரமாக நகர்த்தினாள். “‘தந்தோம், குடிங்க’ன்னு பொண்ணு வீட்ல சொல்ற வரைக்கும் தொடக் கூடாது. தொட்டா, கேக்க வந்ததைக் கைவிட்டதா அர்த்தம். தாய் தகப்பன் இல்லாம வளந்ததுங்க, உங்களுக்கு எங்க இந்த முறையெல்லாம் தெரியப்போவுது?”

“நீங்கதான் மாமி சொல்லித் தரணும்,” நுஹா குழைந்தாள். முடியாது என்றால் உம்மு கைஸின் வாயால் நாளைக்கே ரொட்டிக்கடையிலும் பள்ளிவாசலிலும் இருவர் பெயரும் நாறும். அப்படி மறுத்த ஒருத்தி ஊரையே விட்டுப் போய்விட்டாள்.

“நர்ஸ் படிப்புக்கு எடம் கெடச்சிருக்காமே. யார் யார் மூத்திரத்தையோ தொடைக்கிறதுக்கா? என் மாமியா படுக்கையில கெடக்கா, அவளுக்குத் தொடைக்கட்டும். புண்ணியமாவது சேரும்.”

லுஜைன் பல்லைக் கடித்தாள்.

“மொதல்ல சாப்பிடுங்க மாமி. எல்லாம் லுஜைன் கைப்பக்குவம்,” நுஹா ரொட்டியையும் மிளகாய்த் துவையலையும் நீட்டினாள். காலையிலிருந்து தங்கையை அடுப்படிப் பக்கமே விடாதவள், கூசாமல் புளுகினாள்.

உம்மு கைஸ் ரொட்டியால் கிண்ணத்தை வழித்து வாயில் போட்டாள். கண் பிதுங்கியது. “தண்ணி... தண்ணி.”

நுஹா ஓடிப்போய்க் குழாயைத் திருகினாள். சொட்டு வரவில்லை. “கட்டடத்துல ஏதோ வேலை நடக்குது போலிருக்கு மாமி. பாலும் தீந்துபோச்சே.”

உம்மு கைஸ் வாயை விசிறினாள், மூக்கைச் சிந்தினாள். கடைசியில் ஆறிக் கிடந்த காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

“குடிச்சிட்டீங்களே மாமி,” நுஹா முகத்தைத் தொங்கப் போட்டாள். “அப்ப சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தீங்களா? நான் என்னென்னவோ நெனச்சிட்டேன். பரவால்ல, முறைன்னா முறைதானே.”

முறையைப் பற்றி அவ்வளவு பேசிய வாய், வெளியே போய் என்னவென்று சொல்லும்? உம்மு கைஸ் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கினாள்.

“பாத்தியா, உன் ஆசையில மண்ணு விழுந்துச்சு,” என்றாள் லுஜைன்.

நுஹா கதவைச் சாத்திவிட்டு முக்காட்டை உருவி எறிந்தாள்.

“போடி லூசு. பாத்திரம் கழுவுற தொட்டிக்கு அடியில தண்ணி வால்வை மூடி வச்சிருக்கேன், போய்த் தொறந்து விடு.”