ஒரு நல்ல வார்த்தை

"சொல்லுங்கண்ணே. கடைசியா அவரு என்ன பண்ணிட்டிருந்தாரு?"

பிணவறை வாசலில் நெட்டையனின் மனைவி மேஸ்திரியிடம் கேட்டாள். உள்ளே நெட்டையன் கிடந்தான். காலையில் அவன் இடித்துக்கொண்டிருந்த சுவர் அவன்மேலேயே விழுந்திருந்தது.

சுவர் விழுந்தபோது பக்கத்தில் இருந்தது மேஸ்திரி ஒருவர்தான். புருவத்தில் காரைத்தூள் இன்னும் அப்படியே அப்பிக்கிடந்தது.

"அவர ஏம்மா கேக்கற?" கான்ட்ராக்டர் குறுக்கே வந்தார். "இடிக்கிற எடத்துல தொண்டை கிழியக் கத்தணும். இவரு சபைக்குப் போனதுலேர்ந்து 'தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு ராசா'ங்கறாரு. இவரு கொஞ்சி முடிக்கிற வரைக்கும் சுவரு காத்துக்கிட்டா நிக்கும்?"

சம்மட்டி ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்கள் கட்டடத்தின் மறுபக்கம் டிரில்லிங் மிஷினோடு இருந்தார்கள். ஒன்றும் காதில் விழவில்லை. ஆனால் அவர்கள் நினைப்பும் அதுதான்.

நினைக்கக் காரணம் இருந்தது.

மேஸ்திரியின் வாய் முன்பெல்லாம் சாக்கடை. ஒரு செங்கல் கைதவறினால் போதும், தவறவிட்டவனின் பரம்பரையே சந்திக்கு வரும். எவன் தாயையாவது இழுக்காமல் அவர் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. அந்த வாய் திறந்தால், என்ன ஏது என்று பார்க்காமல் ஓடுகிற பழக்கம் எல்லார் காலிலும் ஊறியிருந்தது.

ஞானஸ்நானம் எடுத்தபிறகு ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. வேலை தொடங்கும் முன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். "ஆண்டவரே, இன்னிக்கும் இந்த வாயப் பாத்துக்கங்க." ஜெபம் அவ்வளவுதான். கோபம் வரும்போதெல்லாம் பல்லைக் கடித்துக் கடித்து, ஒரு கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கிவிட்டது.

ஆட்கள் அவருக்கு 'ஸ்தோத்திரம் மேஸ்திரி' என்று பேர் வைத்தார்கள். அவர் காலில் ஆணி குத்தினால், வாய் தவறுமா என்று அவர் முகத்தைப் பார்க்க ஒரு கூட்டமே கூடும். முன்வரிசையில் நெட்டையன் நிற்பான்.

"அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் நெட்டையனின் மனைவி. "இவரு வாய அடக்குனதப் பாத்துத்தான் எங்க வீட்டுக்காரரும் சபைக்கு வந்து அடக்குனாரு. இப்பதான் புள்ளைங்க பயமில்லாம அப்பா பக்கத்துல போய்ப் படுக்குதுங்க."

சொல்லி முடித்தபிறகுதான், இனி அந்த அப்பா இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். மறுபடி மேஸ்திரியைப் பார்த்தாள்.

"பயந்தாராண்ணே?"

மேஸ்திரி தேடினார். பொய்யாக இருக்கக்கூடாது. அவளை வெட்டவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பயப்படலம்மா. சிரிச்சிட்டிருந்தான்."

"சிரிச்சாரா?"

"ஆமா தங்கச்சி. என்னைப் பாத்துச் சிரிச்சான்."

காலையிலிருந்து கல்லாக நின்றவள் அப்போதுதான் உடைந்து அழுதாள். அழுதுகொண்டே பெஞ்சில் இருந்த மாமியாரிடம் ஓடினாள். "அத்தே, சிரிச்சிட்டே போனாராம் அத்தே."

அந்த அம்மாள் அதைப் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். சொல் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டுவதற்குள், நெட்டையன் வானத்தைப் பார்த்துச் சிரித்திருந்தான்.

மேஸ்திரி பார்த்துக்கொண்டு நின்றார். அதை ஓடிப் பிடித்து நிறுத்த முடியாது.

சபை பாஸ்டர் வந்து அவர் தோளில் கைவைத்தார். "நல்ல வார்த்தை சொன்னீங்க பிரதர். அந்தப் பொண்ணு இனிமே இத வெச்சுத்தான் பொழைக்கும். நாளைக்கு அடக்க ஆராதனைல இதையே சாட்சியா சொல்லிடுங்க."

வேண்டாம் ஐயா என்று சொல்லத்தான் நினைத்தார். நெட்டையனின் தாய் பெஞ்சிலிருந்து அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் தலை தானாக ஆடிவிட்டது.

கான்ட்ராக்டர் மட்டும் விடவில்லை. காதருகே வந்து கேட்டார். "ஒரே ஒரு தடவையாவது கத்துனியாய்யா?"

மேஸ்திரி புருவத்தில் இருந்த காரைத்தூளைத் துடைத்தார்.

கத்தியிருந்தார்.

சுவர் வயிறு தள்ளி வருவதைப் பார்த்ததும் தம்பியும் வரவில்லை, ராசாவும் வரவில்லை. பழைய வாய் முழுசாகத் திறந்துகொண்டது. இப்போது பெஞ்சிலிருந்து கும்பிடுகிற அந்தத் தாயை இழுத்துத்தான், ஓடுடா என்று அலறினார்.

முன்பென்றால் ஓடியிருப்பான்.

ஆனால் ஞானஸ்நானம் எடுத்த வாரம், இந்த வாயை அடக்க மேஸ்திரியே ஆட்களைக் கூட்டி ஒரு சட்டம் போட்டிருந்தார். அவர் வாயில் கெட்ட வார்த்தை வந்தால், கேட்டவன் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அன்றைக்கு எல்லாருக்கும் டீ அவர் செலவு. இத்தனை நாளாக ஒருத்தனுக்கும் அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை.

நெட்டையன் சம்மட்டியைக் கீழே போட்டான். சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். இரண்டு கையையும் உயரத் தூக்கினான். முகமெல்லாம் பல்.

"மாட்டுனீங்க மேஸ்திரி!"