படலையோடு வந்தவள்

சாட்சிக்கூண்டில் காலை வெயில் விழுகிறது. சாட்சி சொல்ல வராததற்காகப் பிடியாணை பிறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, மயிலிட்டித் தங்கமுத்து தானாகவே கோட்டுக்கு வந்து நிற்கிறாள். தலையில் சுமந்துவந்த வீட்டு வாசல் கதவான பலகைப் படலை அவள் தோளில் சாய்ந்திருக்கிறது. அதன் இடுக்கிலிருந்து கடற்கரை மணல் உதிர்கிறது. "மன்னிப்பைக் கேளணை," என்று அவளுக்காக வாதாட வந்த பிறக்கிராசியார் காதோரம் கெஞ்சுகிறார். அவள் நீதவானைப் பார்த்தே கதைக்கிறாள். "மாரி முழுக்க மன்னார்க் கரையிலை வாடி போட்டுத் தங்கி மீன்பிடிச்சனாங்கள், ஐயா. ஊருக்கே தெரியும். ஆளில்லாத வீட்டுப் படலையிலை அழைப்பாணையை ஒட்டிப்போட்டு எனக்குப் பிடிவிறாந்தோ?" "அந்தக் கடதாசி எங்கே?" என்கிறார் நீதவான். அவள் படலையையே தூக்கி மேசைமேல் வைக்கிறாள். அதில் ஒட்டியிருக்கும், மழை கழுவிய கடதாசியில் ஓர் எழுத்தும் இல்லை. "எனக்கு வாசிக்கத் தெரியும், ஐயா. இதை நீங்கள் வாசிச்சுக் காட்டுங்கோ, மன்னிப்புக் கேக்கிறன்."