வெட்டிய மரத்தின் நிழல்

ஓசூர் நர்சரியில் அசுவினிப் பூச்சி பிடித்த ஒரே பைன் மரத்தை, மரமறுக்கும் கௌஸ் பாஷாவை வைத்து வெட்டி எரித்தாள் காவேரி. விட்டால் மூவாயிரம் பைன் கன்றுகளும் போய்விடும்.

மறுநாள் காலை, இல்லாத அந்த மரத்தின் நிழல் மட்டும் தரையில் கிடந்தது. நிழல் பட்ட கன்றுகளில் பூச்சி பஞ்சுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது.

“வேணாம்மா, வூட்டுக்குப் போயிரலாம்” என்றார் பாஷா.

“கன்னுங்கள யாரு பாக்கறது, பாய்?”

வெயிலோடு நிழலும் நகர்ந்தது. அதன் வழியில் இருந்த கன்றுகளைக் காவேரி ஒவ்வொன்றாகத் தூக்கி அப்பால் வைத்துக்கொண்டே இருந்தாள். மாலையில் நிழல் நீண்டு கடைசி வரிசையை நெருங்கியது. அவள் குறுக்கே போய் நின்றாள். நிழல் அவள் பாதத்தோடு நின்றுவிட்டது.

கால்விரல்களில் வெள்ளையாக ஏதோ அரும்பியது. அவள் நகரவில்லை.