அண்ணன் கூப்பிட்டாலும் திறக்காதே

"உள்ளே என்ன, ஏலக்காய் மூட்டையா அடுக்கி வச்சிருக்கு?"

போடியில் மொக்கச்சாமி வீட்டு வாசலில் நின்று தெருவே கேட்ட கேள்வி இது.

கேள்வியில் நியாயம் இருந்தது. வீட்டுக்குள் இருந்தது ஒரு தகரப் பெட்டி, ஒரு கயிற்றுக் கட்டில், பிள்ளைத்தாய்ச்சியான பெண்டாட்டி அன்னக்கொடி. வாசலில் ஏறிக்கொண்டிருந்ததோ ஜமீன் அரண்மனைக்கு மாட்டுகிற மாதிரிக் கதவு.

கன்னையன் ஆசாரி பலாப் பலகையை நிறுத்தி, இரும்புப் பட்டை அடித்து, உள்பக்கம் மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள், நடுவில் சுவருக்குச் சுவர் ஒரு குறுக்குக் கட்டை என்று போட்டு முடித்திருந்தார். மொக்கச்சாமி அவரை உள்ளே விட்டுச் சாத்தச் சொன்னான். பின்னால் போய், ஓடிவந்து, தோளால் ஒரு இடி.

"முனகுதே ஆசாரி. இன்னொரு பட்டை போடுங்க."

போன சனிக்கிழமை தெருவே சிலமலைத் திருவிழாவுக்குப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து எவனோ வந்து பழைய கதவை உதைத்துப் பெயர்த்துவிட்டான். களவு ஒன்றும் போகவில்லை. யாரென்று கேட்டால், இருட்டில் முகம் தெரியலை என்றாள் அன்னக்கொடி. காலையில் தெரு திரும்பி வந்து பார்த்தபோது மொக்கச்சாமி உடைந்த கதவுக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். மலைமேல் ஏலத்தோட்டத்தில் கங்காணி வேலை. பாவம், விடியக்காலை ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு நொந்துபோய்விட்டான் என்று தெரு உச்சுக்கொட்டியது.

சரி, கதவு போடட்டும். யார் வேண்டாமென்றது? பெண்டாட்டிக்கு அவன் சொன்ன புத்திமதிதான் தெருவைக் கொதிக்க வைத்தது. பக்கத்து வீட்டு வேலுத்தாய் தன் காதாலேயே கேட்டாள். அவனை மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிக் காட்டினாள்.

"'பொழுது சாஞ்சா யாரு கூப்பிட்டாலும் திறக்காதே. வேலுத்தாய் மதினி கூப்பிட்டாலும் திறக்காதே. ஒங்க அண்ணன் கூப்பிட்டாலும் திறக்காதே.' எப்படி இருக்கு? அப்ப நான் களவாணி. கூடப் பொறந்தவன் களவாணி. இவுக ஒருத்தர்தான் யோக்கியர்!"

ஆளுக்கொரு பேச்சு. பெண்டாட்டி மேல் சந்தேகம் என்றது ஒரு குரல். வாரம் பூரா மலையில் கிடக்கிறவனுக்கு வேறென்ன புத்தி வரும் என்றது இன்னொன்று. குழாயடியில் அன்னக்கொடியைப் பிடித்து உலுக்கிக் கேட்டார்கள். அவள் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவுக்கு அது போதாதா?

சேதி பஸ்சு ஏறிச் சிலமலைக்குப் போனது. திரும்பி வந்த பஸ்சில் அன்னக்கொடியின் அண்ணன் ராக்கையா இறங்கினான்.

அந்தப் பக்கத்தில் தங்கச்சி வீட்டுக்குள் நுழைய அண்ணன்காரன் கதவைத் தட்டுவதில்லை. போடிக்கு என்ன சோலியாக வந்தாலும் ராக்கையா நேரே அடுப்படிக்குப் போய், "தாயி, சோறு கிடக்கா?" என்பான். இனிமேல் தாய்மாமன் வேறு. அவனுக்கா கதவடைப்பு?

வந்த வேகத்தில் புதுக் கதவை ஒரு அறை அறைந்தான். கை வலித்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

"தாயி, துணிமணியை எடு. இந்தாளு கட்டுன ஜெயில்ல நீ இருக்க வேணாம். பேறுகாலம் நம்ம வீட்டுல."

பிறகு மொக்கச்சாமி பக்கம் திரும்பினான். மாப்ளே என்று அழைக்கவில்லை.

"யாருக்குப் பயந்துய்யா இத்தனை இரும்பு? பேரைச் சொல்லு. இல்ல, என்னையத்தான் சொல்றேன்னா அதையும் தெருவுல வச்சே சொல்லிரு."

தெரு நெருங்கி வந்தது; பட்டை அடித்துக்கொண்டிருந்த ஆசாரியும் சுத்தியலைக் கீழே வைத்தார். மொக்கச்சாமி தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"கல்யாணப் பந்தியில ஒங்களை மாதிரியே பேசிக் காட்டுனேனே மச்சான், ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா? பரிமாறுகிறவன் ராக்கையாதான் கூப்பிடுகிறான் என்று நம்பி ஓடி வந்ததும், ராக்கையாவே புரையேறச் சிரித்ததும் இன்றைக்கும் பேச்சு.

"அதுக்கென்ன இப்ப?"

"போன சனிக்கிழமை இந்த வாசல்ல நின்னு அதே குரல்ல கூப்பிட்டிருக்கேன். 'தாயி, கதவைத் தெற'ன்னு. அண்ணன்தானேன்னு தாழை எடுத்திருக்கா. சாராய வாடை அடிச்சதும் மறுபடி சாத்தியிருக்கா. உதைச்சிருக்கேன். எனக்கு எதுவுமே தெரியலை மச்சான். விடிஞ்சு அவ கையைப் பார்த்துக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

வேலுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மலைமேட்டுக்கு அந்தப் பக்கம் சாராயக்கடை இருக்கு. முந்தியெல்லாம் குடிச்சா அங்கனயே விழுந்து கிடப்பேன். இப்ப ஜீப்புல ஏறி வந்துர்றேன். விட்டுர்றேன்னு கோயில்ல கயிறு கட்டுனேன். அந்தக் கயித்தோடயே போய்க் குடிச்சேன்."

அன்னக்கொடி துணி மூட்டையோடு வெளியே வந்தாள். முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்த இடத்தை முந்தானை மறைக்கவில்லை. ராக்கையா அதைப் பார்த்தான். கை ஓங்கினான். அடி வாங்க மொக்கச்சாமி வாகாக முகத்தை நிமிர்த்தி நின்றதைப் பார்த்து, ஓங்கின கையால் மூட்டையை வாங்கிக்கொண்டான்.

"நட தாயி."

மொக்கச்சாமி மறிக்கவில்லை. ஆசாரியைப் பார்த்துச் சொன்னான்:

"கதவைக் கழட்டி ஒரு ஜீப்புல ஏத்துங்க ஆசாரி. வெரசாப் போய் இவுக வீட்டுல மாட்டிருங்க. சிலமலைக்கும் எனக்கு வழி தெரியும்."