எது தெளிவாத் தெரியும்?

கடைக்காரன் முத்துக்குமார் இரண்டு கேம் கன்சோல்களையும் எடுத்து மேசைமேல் வைத்தான்.

“கலீல் பாய், பத்து வயசுப் பொண்ணுக்கு இந்தச் சின்னதே போதும். வெல பாதிதான். ஆறேழு வருஷம் தாராளமா ஆடுவா.”

“எதுல படம் தெளிவாத் தெரியும்?”

“பெரிசுலதான். ஆனா அந்த வித்தியாசமெல்லாம் கொழந்தைக்குத் தெரியாது பாய். வீண் செலவு.”

“பெரிசையே குடுப்பா. அதுக்கேத்த நல்ல டிவியும் குடு.”

ஜரிகை வியாபாரத்தில் ஊரையே பேரம் பேசி மடக்குகிறவர், அன்று ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. மகள்மேல் அவ்வளவு செல்லம் என்று நினைத்துக்கொண்டான் முத்துக்குமார்.

சாயங்காலம் அவனே பாய் வீட்டுக்குப் போய் டிவியைச் சுவரில் மாட்டி, கன்சோலின் ஹெச்டிஎம்ஐ ஒயரைச் செருகினான். திரை முழுக்க நீலக் கடல் விரிந்தது. மகள் கௌசர் ஓடிவந்து, மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி நின்றுகொண்டு ஆட ஆரம்பித்தாள்.

“பாப்பா, தள்ளி உக்காரும்மா. கண்ணு கெட்டுடும்” என்றான் முத்துக்குமார்.

சமையலறை வாசலில் நின்ற அவள் அம்மா மெஹதாப், துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கலீல் பாய் முத்துக்குமாரை வெளியே அழைத்துப் போனார்.

“போகாத ஆஸ்பத்திரி இல்லப்பா. கண்ணு நரம்பு செத்துக்கினே வருதாம். மிஞ்சிப்போனா ஆறு மாசந்தான் பார்வை இருக்குமாம். அவளுக்கு இன்னும் தெரியாது.”



“அத்தா, எவ்ளோ மீனு! வந்து பாருங்க!” என்று உள்ளேயிருந்து கத்தினாள் கௌசர்.

முத்துக்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். மூலையில் கிடந்த முக்காலியை எடுத்துவந்து, டிவியை ஒட்டிப் போட்டான்.

“இங்க உக்காந்து ஆடும்மா” என்றான்.