மூச்சுக்கு ஒதுக்கிய இடம்

பக்கவாதத்தில் விழுந்த நல்லசிவத்துக்கு, தலைக்குள் வைத்த கணினிச் சில்லுதான் மூன்று வருடமாக மூச்சையும் பேச்சையும் நடத்திவந்தது. இப்போது நுரையீரல் தளர்ந்து, மூச்சுக்கே முழுச் சில்லும் தேவைப்பட்டது.

"பேச்சையும் அதுலயே ஓடவிட்டா, என்னைக்காவது மூச்சு தடுமாறிரும்மா. இன்னொரு சில்லு வைக்க உடம்பு தாங்காது" என்றார் டாக்டர்.

செண்பகவல்லி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏதாவது சொல்லணுமாங்க?"

"நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன் செம்பகம். நீ பேசுறத நிறுத்திராத."

டாக்டர் கணினித் திரையைத் தொட்டு, சில்லில் பேச்சை நிறுத்தினார்.

வீடு வரும்வரை செண்பகவல்லி பேசிக்கொண்டே வந்தாள். மழை வருமா என்றாள், ராத்திரிக்குக் கஞ்சி போதுமா என்றாள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் பழக்கத்தில் கொஞ்சம் நிறுத்தினாள். அவருடைய மூச்சு மட்டும் சீராகக் கேட்டது.