ஒலிவக் குச்சி

"சீக்கிரம் கட்டும்மா. வெயில் ஏறுது" என்றான் அல்கானோர், முகத்தை ஊர் மதில் பக்கம் திருப்பிக்கொண்டு.

அவன் தம்பி பைலாஸும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றான், தான் கூட்டி வந்த அயலூர்ப் படையின் பக்கம்.

குச்சி கட்டும்போது கட்டிக்கொள்கிறவன் பார்க்கக் கூடாது. ஊரையே இரண்டாக்கியவர்கள் இந்த வழக்கத்தை மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள்.

நடுவில் அவர்களுடைய தாய் தியானோ மண்டியிட்டிருந்தாள். பின்னால் தோல் வார்களை ஏந்தியபடி வேலைக்காரி மிர்ட்டோ. இந்த இரட்டையர்களை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

ஒரு ஒலிவ அறுவடையிலிருந்து அடுத்த அறுவடை வரை ஒருவன், பிறகு மற்றவன் என்றுதான் பேச்சு. கொஞ்சம் முந்திப் பிறந்த அல்கானோர் முதலில் அரியணையில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

இன்று படைகள் ஒதுங்கி நிற்க, இருவர் மட்டும் மோதுவது என்று முடிவாகியிருந்தது. வென்றவனுக்கு அரியணை. தோற்றவன் பிணத்துக்கு ஒரு பிடி மண்கூடக் கிடையாது, நாய்க்கும் கழுகுக்கும்தான். இருவரும் பலிபீடத்தில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள்.

அதைக் கேட்டதிலிருந்து தியானோ சோறு தண்ணீர் தொடவில்லை. காலையில் மேலாடையின் இரண்டு முனைகளிலும் எதையோ முடிந்துகொண்டு வந்தாள். பிள்ளைகளுக்கு அத்திப்பழம் போலிருக்கிறது என்று மிர்ட்டோ நினைத்துக்கொண்டாள்.

"கடைசியா கேக்குறேன். செத்தவனை எங்கிட்டக் குடுத்துடுங்கடா" என்றாள் தியானோ.

"அதெல்லாம் முடியாதும்மா. சாகப்போறது அவன்தான்" என்றான் அல்கானோர்.

"உக்காந்து உக்காந்து அண்ணனுக்கு இடுப்பு பிடிச்சிருக்கும். பாத்துதான் குத்துவேன்" என்றான் பைலாஸ்.

மிர்ட்டோவுக்கு இரண்டு பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது.

போருக்குப் போகிறவனுக்காகத் தாய் ஒரு ஒலிவக் குச்சியை நீளவாக்கில் பிளப்பாள். ஒரு பாதி அவன் இடது மணிக்கட்டில். மறு பாதி வீட்டு அடுப்படியில் தொங்கும். அவன் விழுந்துவிட்டால், மறு பாதியை வைத்திருப்பவர் அவனுக்கு மூன்று பிடி மண் போட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் அந்தப் பழி அவரைச் சும்மா விடாது. உட்கார்ந்த இடம் விளங்காது.

வென்றவன் பிணத்துக்குக் காவல் போடுவான். அம்மாவால் மண் போட முடியாது. பழி அம்மா தலையில்தான் விடியும். இருவருக்கும் அது தெரியும், தெரிந்துதான் சத்தியம் செய்தார்கள்.

தியானோ இரண்டு மணிக்கட்டுகளிலும் இறுக்கிக் கட்டினாள். இரண்டு கைகளையும் முத்தமிட்டாள். பிறகு விட்டுவிட்டாள்.

இருவரும் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

மிர்ட்டோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறு பாதி ரெண்டையும் குடுங்கம்மா. அடுப்படியில மாட்டணுமே" என்றாள்.

தியானோ வெறுங்கைகளை விரித்துக் காட்டினாள்.

"குச்சி ஒண்ணுதான் மிர்ட்டோ. ஒரே குச்சியைப் பிளந்து ஆளுக்குப் பாதி கட்டிட்டேன்."

மிர்ட்டோவுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. செத்தவனின் மறு பாதி கொன்றவன் கையிலேயே இருக்கும். மண் போட வேண்டியவன் அவன்தான். போடாவிட்டால் பழியும் அவனுக்குத்தான், அவன் ஏறும் அரியணைக்குத்தான்.

அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

கொம்பு முழங்கியது. வெயிலில் இரண்டு கேடயங்கள் ஒன்றையொன்று நோக்கி ஓடின. இரண்டு பேருக்கும் ஒரே ஓட்டம், ஒரே உயரம், ஒரே வெறி.

அப்போதுதான் மிர்ட்டோவுக்கு உறைத்தது.

"ரெண்டு பேருமே விழுந்துட்டா யாரும்மா மண் போடுறது?"

தியானோ மேலாடையின் ஒரு முனையிலிருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மறு முனையிலிருந்ததை.

அது சற்றுத் தளர்ந்திருந்தது. அதிலிருந்து கொஞ்சம் மண் உதிர்ந்தது. அவள் அதை இறுக்கி முடிந்தாள்.